மைனாக்களுக்குத் தீபாவளி வைத்த எங்கள் அக்காள்

ஆறுமுகப் பெருமானின் திருவடியை நினைத்து, எங்கள் அக்காள் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், கூடியிருக்கும் உற்றார் உறவினர்க்கு உடன்பிறந்த தம்பி கைகூப்பி எழுதிக்கொள்வது. எனக்குப் படிப்பு கொஞ்சம். பிழை கண்டால் பொறுத்தருள வேண்டும்.

அக்காள் தஞ்சைச் சீமையில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோருடன் கப்பலேறி மலாயா வந்து, பாலோ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தார், அங்கேயே வாழ்க்கைப்பட்டார். வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்தைத் தள்ளி நின்று பார்த்தே கற்று, என்னைவிட அழகாக எழுதினார். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமைதான்.

ஒரே வருஷத்தில் காய்ச்சல் அத்தானையும் கைக்குழந்தையையும் கொண்டுபோயிற்று. நான் அப்போது ஜொகூர் பாரு ரயில் ஸ்டேஷனில் சாமான் ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. அக்காளை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவருக்குச் சோறு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் வேலையை என் மனைவி வேண்டுமென்றே அவரிடம் கொடுத்தாள்.

ஒருநாள் சாப்பாடு வந்து சேர வெகுநேரமாயிற்று.

“எங்கக்கா போயிட்டீங்க?”

“கடலோரத் தோட்டத்துல ஒரு மைனாவுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் சண்டைடா. யார் ஜெயிக்கிறாங்கன்னு பார்க்காம எப்படி வர்றது?”

“யார் ஜெயிச்சாங்க?”

“இதையெல்லாம் கேட்கணுமா? அவன் வாயை மூடிக்கிட்டுப் புழு தேடப் போயிட்டான்.”

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் பேசிய முதல் நீளப் பேச்சு அது. ஆறிப்போன சோற்றை அன்று அமிர்தமாகச் சாப்பிட்டேன்.

அது முதல் அந்தப் பொதுத் தோட்டமே அக்காளுக்கு ஆறுதலாயிற்று. செவ்வாய், வெள்ளி கோயிலுக்குப் போவார். மற்ற நாளெல்லாம் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து மைனா, மணிப்புறா, மீன்கொத்தி என்று பார்த்துக்கொண்டிருப்பார். சாமி படைத்ததைப் பார்ப்பதும் கும்பிடுவது மாதிரிதான் என்பார்.

அந்த வருஷம் துக்கத்தை முன்னிட்டு எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. எண்ணெய் முழுக்கில்லை, பலகாரமில்லை. பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்காள் கூப்பிட்டு, தாம் எழுதிய ஒரு கதையை வாசித்தார். தோட்டத்துப் பறவைகள் தீபாவளி கொண்டாடும் கதை. இறக்கையில் எண்ணெய் பட்டால் பறக்க முடியாதென்று மைனா முழுக்குக்குப் பயந்து ஒளிகிறது. மணிப்புறா, ‘போதும், போதும்’ என்று சொல்லிக்கொண்டே ஒன்பது முறுக்குத் தின்கிறது. மீன்கொத்திக்குத்தான் பெரிய கவலை. வருஷம் முழுதும் நீலப் பட்டே கட்டித் திரிந்துவிட்டதால், தீபாவளியன்று புதிதாகக் கட்ட அதற்கு ஒன்றுமில்லை!

மைனா ஒளியும் இடத்துக்கே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்போதுதான், லாபிஸ் ஊரிலிருந்து சித்தப்பா உள்ளே நுழைந்தார். எங்கள் தகப்பனாருக்குப் பின் குடும்பத்துக்குப் பெரியவர் அவர்தான்.

“துக்க வீட்ல என்ன சிரிப்பு? தீபாவளிக் கதை வேறயா?”

“தீட்டு நமக்குத்தானே சித்தப்பா? மைனாவுக்கு என்ன வந்துச்சு?” என்றார் அக்காள்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். “தாலி அறுத்த பொண்ணு தோட்டத்துல ஒக்காந்து குருவி பார்க்குதாம். லாபிஸ் வரைக்கும் பேச்சு வந்திருச்சு. நாகப்பட்டணம் கப்பலுக்குச் சொல்லிட்டேன். அடுத்த வாரம் மாமியார் வீட்டுக்குப் போகட்டும்.”

மகனைத் தின்றவள் என்று ஊரிலிருந்து கடிதம் போட்டுத் தூற்றிய மாமியார் அவர். அங்கே போனால் அக்காள் மறுபடி வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். முருகா என்று நின்றேன். பிள்ளைகளுக்குக் கப்பல் எங்கே புரிகிறது? “மிச்சம் படிங்க அத்தை” என்று பிடித்து இழுத்தார்கள். கலங்கிய கண்ணோடு அக்காள் தொடர்ந்து வாசித்தார். சித்தப்பா வெற்றிலை போடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மணிப்புறா முறுக்குத் தின்ற இடத்தில், சிரிப்பை அடக்கப் போய் அவருக்குப் புரையேறியது. கதை நின்றதும் அவரே கேட்டார்:

“அப்ப அந்த மீன்கொத்தி கடைசில என்னதான் கட்டுச்சு?”

“இன்னும் எழுதல சித்தப்பா. அடுத்த தீபாவளிக்குத்தான்.”

அவர் வெற்றிலையை வெகுநேரம் மென்றார். “அடுத்த தீபாவளிக்கு நான் லாபிஸ்ல இருப்பேன். நீ நாகப்பட்டணத்துல இருந்தா எனக்கு யாரு சொல்றது?” என்றார். பிறகு என்னிடம், “கப்பல்காரன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றார்.

அதன்பின் தீபாவளிக்கொரு கதை, பொங்கலுக்கொரு கதை. அடுத்த வீட்டு மலாய்க் குழந்தைகளுக்காக நோன்புப் பெருநாள் கதையும் உண்டு. அதை மலாயில் சொல்லிச் சிரிக்க வைப்பார். பிரதி எழுதித் தரச்சொல்லிப் பாலோ, தங்காக் உறவுகளெல்லாம் ஆளனுப்புவார்கள். கதைக்காரம்மா தம்பி என்றுதான் ஸ்டேஷனில் எனக்குப் பெயர்.

கடைசி மாதங்களில் மூச்சிரைப்பு. மருந்து கொடுத்த டிரஸ்ஸர் ஐயாவுக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அடுத்த வீட்டு மலாய் அம்மாளுக்கும், அக்காளை ரிக்‌ஷாவில் தோட்டத்துக்கு அழைத்துப் போய்க் காத்திருந்த சீனருக்கும், தோள் கொடுத்த ஸ்டேஷன் ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

எல்லோரிலும் மேலாகச் சித்தப்பாவுக்கு. தள்ளாத வயதில் ரயிலேறி வந்தார். பாடை தூக்கும் நேரம் கூட்டத்தில் ஒருவர், “எந்த வீட்டு மருமக?” என்று விசாரித்தார். சித்தப்பா கோலை ஊன்றி நிமிர்ந்து, ஊர் கேட்கச் சொன்னார்:

“மருமக இல்லய்யா. எங்க வீட்டுப் பொண்ணு. இந்த வீட்டுலேர்ந்துதான் போறா.”