பக்கத்து வீட்டுப் பொதி

சுற்றுலாவுக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வெளிநாடு போகிற எங்கள் தொழிலில், விமானம் ஏறுவதற்கு முன்பே பாதி உயிர் போய்விடும். சொந்தக்காரர்களோடு கொடைக்கானல் போய்த் திரும்பியவர்களுக்கு என் பாடு நன்றாகவே புரியும்.

திருவனந்தபுரத்தில் ஒரு கேள்வி

விமான நிலைய வாசலிலேயே எல்லாரிடமும் கேட்பேன், "அடுத்த ஆளு தந்த பொதி ஏதாவது பெட்டியில உண்டா?" என்று. நம்ம ஊரில் ஒருத்தர் துபாய் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், அங்கே பிள்ளை வேலை பார்க்கிற வீடெல்லாம் பொதி கட்டிக் கொண்டுவந்து நிற்கும். சுற்றிப் பார்க்கத்தானே போகிறார் என்று ஒருத்தரும் நினைப்பதில்லை. வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் கல்யாண வீட்டில்கூட முகம் கொடுக்க மாட்டார்கள்.

அன்றைக்குப் பூதப்பாண்டி ஊர்க்காரரான தாணுலிங்கம் சார் பெட்டியில் ஒன்று இருந்தது. தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு முதல் வெளிநாட்டுப் பயணம். பக்கத்து வீட்டு பகவதி அக்கா, துபாயில் இருக்கிற மகன் சுரேஷுக்காகத் துணியில் தைத்துக் கொடுத்த பொதி. "பிரிச்சுப் பாக்கணும் சார், இல்லன்னா இங்கயே விட்டுட்டு வாங்க" என்றேன். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஊரிலிருந்து எங்களை ஏற்றி வந்த வேன்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், திரும்பி என்னிடம் சொன்னார்: "பெத்தவ தச்சுத் தந்ததை நான் கிழிச்சா, நாளைக்கு அவ மொகத்துல எப்படிடே முழிப்பேன்?"

துபாயில் ஒரு அறை

பொதி வேனுக்குப் போகவே இல்லை. சார் அதைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்திருக்கிறார், மனுஷன்! துபாயில் சுங்க அதிகாரி துணியைக் கிழித்தார். முறுக்கு, கருப்பட்டி, அடியில் ஒரு கவரில் கசகசா. நாம் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான். அந்த நாட்டில் அது போதைப்பொருள். சாரைத் தனி அறைக்குக் கூட்டிப் போனார்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெயில்ல போட்டுருவாவளா தம்பி?" என்று அழுதார்.

பொதியில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து சுரேஷுக்குப் போன் போட்டேன். பொதி தனக்கு வந்தது என்று அவன் சொன்னால் சார் தப்பிக்க வழி உண்டு. ஆனால் அவன் வேலை போகும், ஜெயிலும் கிடைக்கலாம். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் ஓடி வந்தான். அதிகாரி முன்னால் நின்று அவன் சொன்னது: "சாரு இதைத் தொறந்தே பாக்கல்ல. இது எனக்குள்ளது. புடிக்கணும்னா என்னைப் புடிங்க."

வந்து இறங்கியவர்கள்

விசாரணை முடிந்து இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள், கடவுள் புண்ணியம். ஆனால் சுரேஷின் கம்பெனி அவன் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பியது. சாரும் அவனும் எங்களோடு ஒரே விமானத்தில் திருவனந்தபுரம் வந்து இறங்கினார்கள். வாசலில் பகவதி அக்கா நின்றாள். யார் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று சார் பயந்தாரோ, அந்த முகத்தை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எனக்கு சார் மேல் இருந்த கோபமெல்லாம் வற்றிப்போய், அழுகைதான் வந்தது. அக்கா மகனைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கோழிக் குருமா திங்கணும்போல இருக்குன்னு போன்ல சொன்னான். அதுக்குத்தானே மக்கா குடுத்துவிட்டேன்?"

திருடனுக்குப் பயந்து பெட்டிக்குப் பூட்டுப் போடுகிறோமே, பக்கத்து வீட்டுப் பாசத்துக்குப் போட எந்தக் கடையிலும் பூட்டு கிடைப்பதில்லை.