போடாத அஞ்சாவது கியர்

வண்டிப்பெரியாறிலிருந்து குஜராத்தின் கட்ச் கடலோர ஊர்கள் வரை பைக்கில் போகப்போகிறேன் என்று ஒரு மாதமாக இங்கே அலப்பறை செய்துகொண்டிருக்கிறேன் அல்லவா?

வண்டிக்கு வயது பதினாலு. தாங்குமா என்று கேட்க இன்று மெக்கானிக் முருகேசனிடம் போனேன். "தாங்காது" என்று அவர் சொல்வதைத் தன் காதால் கேட்க மனைவி செல்வியும் கூடவே வந்தாள்.

கியர்பாக்ஸைப் பிரித்த முருகேசன் சிரித்துவிட்டார்.

"அண்ணே, ரெண்டாவதும் மூணாவதும் தேஞ்சுபோச்சு, மாத்திருவோம். அஞ்சாவது மட்டும் புத்தம்புதுசா இருக்கு. போட்டதே இல்லியா?"

எங்கே போடுவது? எங்கள் மலை எஸ்டேட் ரோட்டில் ஒரு ஏற்றம், ஒரு வளைவு, மறுபடி ஏற்றம்.

"நேரா, வேகமாப் போற கடலோர ரோட்டுக்கு அதுதாண்ணே வேணும். தாராளமாப் போயிட்டு வாங்க."

குதிக்காத குறையாகச் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தப் பளபளக்கும் கியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் இது மாதிரிதான். இந்த மலையிலயே ரெண்டு, மூணுன்னு ஓடிக்கிட்டு இருக்கேன். என்னையும் கூட்டிட்டுப் போங்க."

முருகேசன் பின் சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து செல்வி போனும் கையுமாக இருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். கட்ச் மேப் இல்லை, டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பம்.

அஞ்சாவது கியரை முதலில் யார் போடுவது? நீங்களே சொல்லுங்கள். அவளும் கமெண்ட் படிப்பாள்.