தோள் குலுங்காமல் பார்த்த படம்

கம்பெனி சும்மா எதையும் தராது. எங்கள் எஸ்டேட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். அதனால்தான், சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் சினிமா, குடும்பத்தோடு வரவும், டீயும் பருப்பு வடையும் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டியதும் எங்கள் மூன்று பேருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மூன்று பேர் என்றால், தேவிகுளத்துக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட் ஆபீஸின் மொத்த ஜனத்தொகை. பெரிய கிளார்க், ஆட்களின் பேர்ப்பதிவு பார்க்கும் செக்ரோல் அக்கா, தேயிலைக் கொழுந்துக் கணக்கு எழுதும் நான். எங்களுக்கு மேலே தொரை. மேனேஜரை இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுகிறோம். இந்தத் தொரை கொச்சிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் பாதி மலையாளம் கலந்து வரும்.

கணக்கு வேலையை இனிமேல் கொச்சியிலேயே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வார்கள், எங்களில் ஒருத்தரைத் தூக்கிவிடுவார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. வேலை போனால் சம்பளத்தோடு போகாது, குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். அம்மா ஆயுசெல்லாம் கொழுந்து கிள்ளியவள். ரிட்டயர் ஆனதும், கம்பெனி தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் லயத்து வீட்டைக் காலி செய்துகொடுத்துவிட்டு என்னோடு வந்தாள். மலைக்குக் கீழே எங்களுக்கென்று ஒரு ஓடுகூடக் கிடையாது. இன்னொரு தடவை அவளைச் சட்டிபானையோடு ரோட்டில் நிறுத்த என்னால் முடியாது.

"போன தொரை பாயசம் ஊத்துனாரே, ஞாபகம் இருக்கா?" என்றார் பெரிய கிளார்க். "அடுத்த வாரமே ஸ்டோர்ல ஆளக் கொறச்சாக. இப்போ படம் காட்டுதாகன்னா ஆபீஸ்லதாம்ப்பா கை வைக்கப் போறாக."

"என்ன படமாம்ணே?" என்று கேட்டாள் அக்கா.

"ஆபீஸ்ல வேல பாத்துச் சலிச்சுப்போன ஆளுகளப் பத்திக் காமெடிப் படமாம்."

"அம்மாடி!" என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். உலகத்தில் எத்தனையோ படம் இருக்க, இதையா தேடிப் பிடிப்பார்கள்?

சனிக்கிழமை அம்மாவோடு கிளப்புக்குள் நுழைந்ததும் எங்கள் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. எப்போதும் முன்வரிசையின் நடுவில், துண்டு விரித்துப் போட்டிருக்கும் தொரையின் நாற்காலி அன்று பின்னால், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் கிடந்தது. பெரிய கிளார்க் என் காதில் சொன்னார்: "நம்ம முதுகப் பாக்கத்தாண்டா. யாரு தோளு குலுங்குதுன்னு இருட்டுல கூடத் தெரியும்."

"அப்ப சிரிக்கவே வேண்டாம்" என்றேன்.

"சிரிக்காம இருந்தாலும் தப்பு. குத்தமுள்ள நெஞ்சுன்னு நெனப்பாரு."

கடைசியில், தோள் குலுங்காமல் சிரிப்பது என்று மூன்று பேரும் முடிவு செய்தோம். கேட்டால் சிரிப்பாக இருக்கும். செய்து பாருங்கள், விலா எலும்பு நொந்துவிடும்.

படம் பாவி, அவ்வளவு நன்றாக இருந்தது. ஒரு கிளார்க் ஃபைல் அடுக்குக்குப் பின்னால் தலையணை போட்டுத் தூங்குகிறான். இன்னொருத்தி சுவர்க் கடிகாரத்தைத் தள்ளித் தள்ளி வைத்து ஊரையே சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறாள். எனக்கு உள்ளே பொங்கிப் பொங்கி வந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கவும் பயம்.

பிறகு அந்த மேனேஜர் வந்தான். தலைமை ஆபீஸிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் மொட்டைமாடிக்கு ஓடிப்போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். அம்மா என் தொடையில் ஓங்கித் தட்டினாள்.

"ஏலே, உங்க தொரையேதாம்ல இது! கொச்சியில இருந்து போன் வந்தா வெயில்ல கூட மழை அளக்கப் போயிருவாருன்னு நடிச்சுக் காட்டுவியே!"

கிளப் முழுக்கக் கேட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டில் சோறு தின்னும்போது அம்மாவைச் சிரிக்க வைக்க நான் செய்யும் கூத்து அது. அவள் கையைப் பிடித்துக் கிள்ளினேன்.

"ஏன்ல கிள்ளுத? அவரு மாதிரி இருக்குன்னுதான சொன்னேன்?" அதுவும் சத்தமாக.

அதற்குப் பிறகு திரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வடையைத் தொடவே இல்லை. அம்மாவோ ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் நின்று, வராதவர்களுக்கெல்லாம் கதையை முழுசாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தொரை கூப்பிட்டார். என் வேலைக்கு வேட்டு வைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"அம்மைக்குப் படம் இஷ்டமாயோ?"

"ஆமா சார்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. "நீ எல்லாத்தையும் நல்லாக் கவனிக்கிற ஆளு. எனக்கு அப்படி ஒரு ஆளு வேணும். அவங்க ரெண்டு பேரும் என்ன பேசுறாங்க, யூனியன்காரங்க யாரு வந்து போறாங்க, இடைக்கிடைக்கு என்கிட்ட சொன்னா மதி, அது போதும். குவார்ட்டர்ஸ் காரியம் ஞான் நோக்கிக்கொள்ளாம்."

குவார்ட்டர்ஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, பொய் சொல்லவில்லை. அம்மா, அடுப்பு, கட்டில் எல்லாம் கண்ணில் வந்தன. ஆனாலும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "அது நம்மளால ஆகாது சார்."

"செரி, போய்க்கோ" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

வெளியே வந்தால், இரண்டு பேரும் வேலை செய்வதுபோல் குனிந்திருந்தார்கள். நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன். அக்கா பெரிய கிளார்க்கைப் பார்த்தாள். அவர், "நல்லதுப்பா, நல்லது" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். கிளப்பில் தொரையை அம்மா அவ்வளவு கேலி செய்தும், கதவைச் சாத்திப் பேசிவிட்டு வந்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் நானே நம்பியிருப்பேனா? அன்றிலிருந்து நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். என்னிடம் மூடுபனியைப் பற்றியும் பஸ் நேரத்தைப் பற்றியும் மட்டும் பேசினார்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன்னால் செக்ரோல் அக்காவுக்கு உத்தரவு வந்தது. ஆபீஸ் வேலை இல்லை, வேண்டுமானால் பீர்மேட்டுப் பக்கம் வேறு எஸ்டேட்டில் தற்காலிக வேலை. அக்கா வீட்டைக் காலி செய்த அன்று ஜீப்பில் சாமான் ஏற்ற உதவலாம் என்று போனேன். பீரோவின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"வேண்டாம் தம்பி" என்றாள் அக்கா. "நீ செஞ்ச உதவியே போதும்."

அந்த இடத்திலேயே கத்த வேண்டும்போல இருந்தது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து, எதற்கு இந்த மலையில் பிறந்தோம் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்டை வைத்துச் சோறு போட்டாள். எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏலே, என்கிட்டயாவது உள்ளதச் சொல்லு. அந்தப் பிள்ளயப் பத்தித் தொரைகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணுமே சொல்லலம்மா. உன் மேல சத்தியமா ஒண்ணுமே சொல்லல."

அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"சரி விடு. நமக்கு வீடு நின்னுச்சுல்ல. தின்னு."