திருப்பிக் கொடுக்கும் வண்டி

பிலோமின்ராஜ் என்கிற பெயரை அற்புதம்மாள் முதன்முதலில் கேட்டது பாலக்கரை வீட்டில், அவளுடைய சின்ன அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சொல்லி. அந்த அண்ணன் பிறகு மணப்பாறையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. “எங்க ஷாப்புக்கு பிலோமின்ராஜ்னு ஒரு எலக்ட்ரிக் ஃபிட்டர் வந்திருக்கான். சிலுவை போட்டுட்டுத்தான் ஒயரைத் தொடுறான். தொட்டா வேலை முடிஞ்ச மாதிரிதான்” என்றார். பத்தொன்பது வயது அற்புதம்மாள் கேட்டும் கேட்காததுபோல ரசம் ஊற்றினாள். அடுத்த வருஷம் அந்தப் பிலோமின்ராஜுக்கே ரசம் ஊற்றும்படி ஆயிற்று.

முப்பத்தொரு வருஷம் பொன்மலை குவார்ட்டர்ஸில் குடித்தனம். காலையில் பட்டறைச் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை பூசை, பூசை முடிந்து சந்தை. ஈஸ்டர் கழிந்ததும் சாமியார் வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஜாஸ்லின், ஆசீர் இரண்டு பேரும் அங்கேதான் பிறந்தார்கள்.

ரிட்டயர் ஆனதும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். பிலோமின்ராஜ் ஒரு மாதம் உட்கார்ந்து வெள்ளையடித்தார், சுவிட்சுகளை மாற்றினார், கதவுக்கீல்களுக்கு எண்ணெய் விட்டார். வீட்டைப் பார்க்க வந்த ரயில்வே அதிகாரி ஐந்தே நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் வாங்கியிருந்த ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: “நம்மளுது இல்லாததுமேல ஆசை வெச்சது போதும்.” அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் பொன்மலைப் பக்கமே போகவில்லை. எதிர்வீட்டு சேதுராமனிடம் பேப்பர்கூட இரவல் வாங்க மாட்டார்.

அற்புதம்மாளுக்கு முட்டிவலி வந்து பஸ் ஏற முடியாமல் போயிற்று. அவரோடு ஒருநாள் பொன்மலைக் கோயிலில் உட்கார்ந்து பூசை பார்க்கவேண்டும் என்பது மட்டும் மனசுக்குள் கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆசீருக்கு மட்டும் எப்படியோ தெரியும்.

அந்த ஆசீருக்கு, துவாக்குடி கம்பெனியில் பதவி உயர்ந்து, நாலு வருஷ லீஸில் கார் கொடுப்பதாகச் சொன்னார்கள். பிளக்-இன் ஹைப்ரிட் எஸ்யூவி என்று முடிவு செய்தான். வீட்டில் சார்ஜ் போட்டு வேலைக்குப் போய்வரலாம், நாகர்கோவிலில் இருக்கும் ஜாஸ்லினைப் பார்க்கப் போனால் பெட்ரோலில் ஓட்டலாம். இரண்டு வண்டிகளில் எது வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லவேண்டும். சனிக்கிழமை அப்பா அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போனான்.

விற்பனைப் பெண் நிஷா பேட்டரியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் பிலோமின்ராஜ் ஆசையாகத்தான் கேட்டார். பிறகு, “நாலு வருஷம் கழிச்சு?” என்றார்.

“திருப்பிக் கொடுத்துடலாம் சார். வேற புதுசு எடுத்துக்கலாம்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நீ எடுத்துக்கப்பா. நான் ஏறல. சார்ஜ் பாயிண்ட் போடவும் வேற ஆளைப் பாத்துக்க.”

“வேற ஆள் போட்டா நீங்க சும்மா விடுவீங்களா? டெஸ்டரும் கையுமா அவன் பின்னாடியே நிப்பீங்க” என்றான் ஆசீர்.

அவர் சிரிக்கவில்லை. அற்புதம்மாள் சோபாவில் இருந்தபடியே கேட்டாள்: “ஏங்க, நம்ம குவார்ட்டர்ஸ் யாரு பேர்ல இருந்துச்சு?”

“ரயில்வே பேர்ல. அதுக்கென்ன?”

“திருப்பிக் கொடுக்கிற வீடுதானேன்னு சாமியார் மந்திரிக்காம போனாரா? முப்பத்தொரு தடவை மந்திரிச்சாங்க. சமையக்கட்டையும் விட்டுடாதீங்க ஃபாதர்னு நீங்கதான் கூட்டிட்டுப் போவீங்க.”

அவர் கையிலிருந்த விலைப்பட்டியலை மடித்து மேஜைமேல் வைத்தார்.

“பிள்ளைங்க ரெண்டும் அங்கதானே பொறந்துச்சு. சாவியோட சேத்து அதுங்களையுமா திருப்பிக் கொடுத்துட்டு வந்தோம்?”

அவர் எழுந்தார். “இங்க வா, இதுல ஏறு” என்று மனைவியைக் கூப்பிட்டார். முதல் வண்டி உயரம், அவளுடைய இடது கால் எழும்பவில்லை. அடுத்ததில் தரை தாழ்வு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருந்தது. யார் உதவியும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தாள். இறங்கச் சொன்னார், மறுபடி ஏறச் சொன்னார்.

“இதான்” என்றார் மகனிடம்.

“நான் கலர் பாத்து வெச்சது மத்ததுப்பா.”

“கலரை நாலு வருஷத்துல திருப்பிக் கொடுக்கத்தானே போற. விடு.”

சார்ஜ் பாயிண்டை அவரே போட்டார். “பில்டிங் எரிஞ்சுடாதே ஸ்வாமி?” என்று சேதுராமன் கேட்டதற்கு, எர்த் கம்பி இறக்கிய குழியைக் காட்டி அரைமணி நேரம் விளக்கினார்.

வண்டி வந்த முதல் ஞாயிறு பொன்மலைக்குப் போனார்கள். சாமியார் பானெட்டில் தீர்த்தம் தெளித்தார். பூசை முடிந்து பிலோமின்ராஜ் மட்டும் பழைய தெருவுக்கு நடந்து போய்வந்தார். “நம்ம வீட்ல யாரோ கைக்குழந்தைக்காரங்க இருக்காங்க. கொடியில துணி காயுது” என்றார், ஏறி உட்கார்ந்துகொண்டே.

பிலோமின்ராஜுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. ஸ்ரீரங்கத்தில் அதே ஃப்ளாட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அற்புதம்மாளோடு பொன்மலையில் பூசை பார்க்கிறார்.