எந்த ரீட்டா எழுந்திருப்பாள்?

வியாழக்கிழமை காலை கல்லூரி பஸ் சூலூரைத் தாண்டும்போது செய்தி வந்தது. ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் என்னோடு வேலை பார்த்த அந்தோணி சார் காலமாகிவிட்டார். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். திரும்பி வந்த இரண்டு பஸ்களில் ஏறாமல் விட்டுவிட்டு, கடைசியில் அவர் வீட்டுக்கு நடந்தே போனேன்.

அடக்கத்தின்போது பலரும், முன்பே இறந்துபோன அவர் மனைவியை நினைத்து, ஒன்றையே சொன்னார்கள். "சாரும் ரீட்டா அக்காவும் இந்நேரம் சேர்ந்திருப்பாங்க." அதைக் கேட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வந்து இங்கும் அங்கும் நடந்தேன். நான் கிறிஸ்தவன் அல்ல. ஆனால் அதற்காக வெளியே வரவில்லை. அவர் என்னிடம் சொல்லி, தன் கோவில் பங்கு மக்களாகிய உங்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்து, இப்போது எழுதுகிறேன்.

அவர் மனைவி ரீட்டாவுக்குக் கடைசி ஆறு ஆண்டுகள் மறதி நோய் இருந்தது. அதுவரை மனைவியை 'நீ' என்றே பேசிய சார், அறியாத ஆள் அதட்டுவதாக அக்கா பயந்துவிடக் கூடாதென்று மரியாதை சேர்த்துப் பேசத் தொடங்கினார். ஒருநாள் நான் போயிருந்தபோது ரீட்டா அக்கா அவரைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க யாருங்க?" என்றார்.

"அந்தோணிங்க. உங்க ஊட்டுக்காரன்."

"அப்படீங்களா? காப்பி குடிக்கறீங்களா?"

"குடிக்கறனுங்க."

அரைமணி நேரம் கழித்து அதே கேள்வி வந்தது. சார் அதே குரலில் மறுபடி பதில் சொன்னார்.

அக்கா இறந்த பிறகு வந்த உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தவர் சாவியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"கடைசி நாள்ல ரீட்டா எந்திரிப்பான்னு நம்பறனுங்க, முருகேசு. ஆனா எந்த ரீட்டா? என்னயக் கட்டிக்கிட்டவளா, என்னய யாருன்னு கேட்டவளா?"

"ஃபாதரைக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. ஒரு கொறையுமில்லாம மகிமையா எந்திரிப்பான்னாரு. சரிதான். அப்ப ஆறு வருசம் என்கூட இருந்தவ? அவளும் ரீட்டாதானுங்களே. அவள எங்க உட்டுப்போட்டு வாரது?"

பெருவிழாவன்று அவர் கோவிலில் உயிர்ப்பைப் பற்றிய வாசகத்தைக் கணீரென்று வாசித்தாராம். நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதற்கடுத்த மாதங்களில் அவர் மதிய இடைவேளைகளில் சாப்பாட்டைத் தொடாமல் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி நடந்ததை நான் பார்த்தேன்.

இரண்டு வாரம் முன்பு மருத்துவமனையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

"உயிர்த்து வந்த ஆண்டவர, கூடவே இருந்த மகதலா மரியாளுக்கே மொதல்ல தெரியலீங்க. தோட்டக்காரருன்னு நெனச்சுட்டா. அவரு அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு, அப்புறந்தான் தெரிஞ்சுது." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அங்க ரீட்டாவுக்கு என்னயத் தெரியலைன்னா, நானும் என் பேரச் சொல்லி அறிமுகம் பண்ணிக்குவனுங்க. எனக்குப் பழக்கந்தானுங்களே."

அன்று அவர் முகம் தெளிந்திருந்தது. எனக்குத்தான் தெளியவில்லை. இன்றைக்கும் இல்லை.

விசுவாசம் உள்ளவரும் இப்படித் தவித்துக்கொண்டே அந்த விசுவாசத்தைப் பற்றிக்கொண்டிருக்கலாம் என்று அவரிடம் கண்டேன். அந்தப் பாடத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அங்கே அவர் தன் பேரைச் சொன்னாரா, அக்காவுக்கு அவரைத் தெரிந்ததா என்று மட்டும் யாரையாவது கேட்க வேண்டும்போல இருக்கிறது.