அனகாபுத்தூரிலிருந்து ஒரு பாட்டில் புளித்த மாவு

சேலையூரிலிருந்து அனகாபுத்தூர் பதினான்கு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் என் பழைய கொல்லிமலைப் பதிவைப் படித்துக்கொள்ளலாம். அந்த எழுபது கொண்டை ஊசி வளைவுகளைவிட இந்தப் பதினான்கு கிலோமீட்டர் எனக்குக் கடினமாக இருந்தது. சம்பந்தி வீட்டுக்குப் போய், அவர்கள் வீட்டுக் கூழைப் புளிக்கவைக்கும் உறை மாவைக் கேட்டு வாங்கி வந்த பயணம் இது. கேட்கப் போன நான் யார் தெரியுமா? மகளுக்குக் கல்யாணமான புதிதில் அதே வீட்டில் அதே கூழை, "எங்களுக்குப் பழக்கமில்லீங்க" என்று சொல்லித் தள்ளி வைத்தவள்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் பவித்ராவுக்கு அப்போது ஏழாம் மாதம். மூன்றாம் மாதத்தோடு நிற்க வேண்டிய வாந்தி நிற்கவில்லை. இட்லி, ரசம் சாதம், இளநீர் எதுவும் அரை மணி நேரம் வயிற்றில் தங்காது. பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு டாக்டர், "எது தங்குதோ அதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். தங்கியது ஒன்றே ஒன்று, அவள் மாமியார் கஸ்தூரி செய்யும் கேழ்வரகுக் கூழ். காலையில் ஒரு சொம்பு, மதியம் ஒரு சொம்பு. பெண் தேறிவிட்டாள் என்று மாப்பிள்ளை படம் எடுத்து அனுப்பினார். கன்னம் பளபளவென்று இருந்தது. பெற்றவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிறு வளைகாப்பு, அன்று மாலையே பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவது என்று ஏற்பாடு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. பத்து நாள் இருக்கும்போது பவித்ரா போன் செய்தாள். "வளைகாப்பு முடிஞ்சதும் அங்க வந்துதான் ஆகணுமாம்மா? இங்க கூழாவது உள்ள போகுது."

"கூழ் என்ன பிரம்ம வித்தையா? நான் செஞ்சு தரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய்க்கு நல்ல தண்டனை கிடைத்தது. முதல் முறை மாவு புளிக்கவே இல்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தால் சுவரில் அடிக்கக் கரைத்த சுண்ணாம்பு மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டாம் முறை கடைத் தயிரை ஊற்றிப் புளிக்கவைத்து, கூழாக்கி, என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். பவித்ரா ஒரு வாய் குடித்ததும், "இதுல தயிர் போட்டாங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினாளாம். அந்த மனிதர் வந்து அதை ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்தார்.

இத்தனைக்கும் நான் முப்பத்தொரு வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தியவள். லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கரும்பலகையில் குச்சி குச்சியாக எத்தனை முறை வரைந்திருப்பேன். மாவிலிருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும், அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி அண்டாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு அது வேலை செய்ய மறுக்கிறது, எட்டாம் வகுப்போடு நின்ற சம்பந்திக்குக் கைகட்டிச் சேவகம் செய்கிறது. என்ன நியாயம் இது?

வேறு வழியில்லாமல் செவ்வாய்க்கிழமை மாலை சம்பந்திக்கு போன் செய்து, நாளை வருகிறேன், கூழ் செய்வதைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் உறையும் வேண்டும் என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "வாங்க சம்பந்தி" என்றார். புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. செவ்வாய், வெள்ளியில் சில வீடுகளில் உறை வெளியே கொடுக்க மாட்டார்கள். விளக்கு வைத்த பிறகும் கேட்கக் கூடாது. போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை 8.10க்குச் சேலையூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். தாம்பரம் கிழக்கு வரை இருபது ரூபாய். 8.40க்கு மின்சார ரயில், பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய் டிக்கெட், பன்னிரண்டு நிமிடம். பல்லாவரத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கத்தான் அதே அளவு நேரம் ஆனது. அங்கிருந்து பம்மல் வழியாகக் குன்றத்தூர் போகும் பேருந்து. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, எனவே அவசரப்பட்டு ஷேர் ஆட்டோவில் ஏறாதீர்கள். ஐந்து கிலோமீட்டர்தான், பம்மல் நெரிசலில் அரை மணி நேரம் ஆயிற்று. உட்கார இடம் கிடைத்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போய் என்னவென்று ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

அனகாபுத்தூரில் இறங்கியபோது 9.50. உள்தெருக்கள் ரொம்பக் குறுகல், வழி தெரியாதவர்கள் ஆட்டோ பிடிப்பது நல்லது, நாற்பது ரூபாய். ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரைச் சொன்னேன்.

"யார் வூடுக்கா?"

"கஸ்தூரின்னு. ஆத்துப் பக்கம், மாடி வீடு."

"கூழு ஊத்துவாங்களே, அந்தக்கா வூடா?" என்று திரும்பியே பார்த்துவிட்டார். "ஆடி மாசம் அவங்க கோயிலாண்ட ஊத்தற கூழ குடிச்சிப் பாருக்கா. சோக்கா இருக்கும்னா அப்டி இருக்கும். ரெண்டாவது சொம்பு நீயே கேப்ப."

நான் வெளியே பார்த்தேன். ஒரு தெருவில் தறிச் சத்தம் கேட்டது. நாற்பது ரூபாய் கொடுத்து இதையும் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டுக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது என் மகள். சமையலறை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, மாமியாரின் தோளில் தலையைச் சாய்த்துச் சொம்பிலிருந்து குடித்துக்கொண்டிருந்தாள். "வாம்மா" என்றாள். தலையை எடுக்கவில்லை. உதட்டோரம் வழிந்ததைச் சம்பந்தி தன் முந்தானையால் துடைத்துவிட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்று என் சதை ஆடிய ஆட்டத்தை நான் இறுக்கிப் பிடித்த பையிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள் மட்டும்தான் அறியும்.

பவித்ரா படுக்கப் போனதும் சம்பந்தி எனக்கும் ஒரு சொம்பு கூழ் கொண்டு வந்தார். கூடவே சின்ன வெங்காயம், மோர் மிளகாய். "இன்னிக்காச்சும் குடிப்பீங்களா? அன்னிக்கு வாணாம்னு தள்ளி வச்சிட்டீங்களே."

மறந்திருப்பார் என்று நினைத்தது என் முட்டாள்தனம். தலையைக் குனிந்துகொண்டு குடித்தேன். நாக்கில் இல்லாமல் தொண்டையில் போய்ப் புளித்தது. குளிர்ச்சியாக இறங்கியது. நன்றாக இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது. ஆட்டோக்காரர் சொன்னது சரி, இரண்டாவது சொம்பை நானே கேட்டேன்.

"நீங்க எப்டி செஞ்சீங்கோ, அத்த சொல்லுங்க மொதல்ல" என்றார் சம்பந்தி.

சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சி குடிப்பது, ஒரு கிருமி இருக்கக் கூடாது என்று பாத்திரத்தை சோப்பு போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். பாக்கெட் மாவு வாங்கி, பச்சை வாசனை போக வாணலியில் நன்றாக வறுத்தேன். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்தேன்.

சம்பந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னா சம்பந்தி, ஆஸ்பத்திரில கத்தி கழுவறாப்ல கழுவிக்கிறீங்க. அப்பறம் எப்டி பொங்கும்?"

அவர் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கே விளங்கிவிட்டது. அந்த பாக்டீரியா வருவதே தானியத்தின் தோலில் ஒட்டிக்கொண்டுதான். அதை வறுத்துக் கொன்றேன். பாத்திரத்தில் மிச்சம் மீதி இருந்ததை வெந்நீர் ஊற்றிக் கொன்றேன். இரண்டாம் முறை விட்டது பாலில் வளர்ந்த கூட்டம், அது தயிராகத்தான் மணக்கும். வகுப்பில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

சம்பந்தி செய்வதில் ரகசியமே இல்லை. கேழ்வரகை அலசிக் காயவைத்து, வறுக்காமல் மெஷினில் அரைத்த மாவு. மண்பானையில் போன தடவை புளித்த கரைசல் ஒரு கரண்டி எப்போதும் அடியில் இருக்கும். அதன் மேல் புது மாவும் தண்ணீரும். இந்த வெயிலுக்கு ஒரு நாள் போதும். பிறகு அரிசி நொய்யை வேகவைத்து, புளித்த மாவை ஊற்றிக் கிளறி இறக்கி, ஆறியதும் உருட்டி வைத்து, மறுநாள் காலையில் உருண்டையை உப்புத் தண்ணீரில் கரைப்பது. அவ்வளவுதான். பானையை சோப்பு தொட்டதே கிடையாது என்றார்.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் புளித்த மாவை ஊற்றிக் கொண்டு வந்து வைத்தார். கழுத்து வரை இருந்தது. "மூடிய இறுக்காதீங்க, பொங்கும்" என்றார். நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாயடியில் அந்த மண்பானை அலசிக் கவிழ்த்து வைத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டுக் கரைசல் இல்லை.

"சம்பந்தி, எல்லாத்தையும் எனக்கே ஊத்திட்டீங்களா? உங்களுக்கு?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் அவளுக்குக் கிண்டி பிரிட்ஜில வச்சிட்டேன். பொண்ணு அங்க வந்துட்டா இங்க யாரு குடிக்கிறது? அவரு காலைல கடையில டிபன் துண்ணுட்டுப் போறவரு. புள்ளைக்கு இது இறங்காது." வாசற்படியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் பேசினார். "பொய் சொல்லக் கூடாது சம்பந்தி. நேத்து நீங்க கேட்டப்போ குடுக்க மனசு வரல. மாவு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்னு பாத்தேன். இந்தக் கூழு இங்க மட்டும் இருந்தா அவ இங்கயே இருந்துடுவாளே. எனக்குப் பொட்டப்புள்ள இல்ல. நாலு மாசமா என் கையால துண்ணுகினு கீறா. பேஜாராப் போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஆனா பெத்தவ நீங்க. கூட்டினு போங்க. பானைல ஒரு கரண்டி இருந்தாலும் என் மனசு மாறிடும், அதான் கவுத்துட்டேன்."

இந்த இடத்தில் என் பொறாமை கரைந்தது, இருவரும் கட்டிக்கொண்டோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடக்கவில்லை. நானாக இருந்தால் கொடுத்திருப்பேனா என்று யோசித்தேன். மாவு கெட்டுவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்ததும் பொறாமை இன்னும் கூடியது. கூழ் மட்டும்தான் என்னைவிட நன்றாகச் செய்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மதியம் 1.15க்குக் கிளம்பினேன். சிந்திவிடுமோ என்ற பயத்தில் சொன்னதைக் கேட்காமல் மூடியை இறுக்கினேன். பல்லாவரத்தில் ரயில் ஏறும்போது பாட்டில் கல் மாதிரி விறைத்துவிட்டது. குரோம்பேட்டை தாண்டியதும் லேசாகத் திருகினேன். புஸ்ஸென்று பொங்கி என் புடவையிலும் பக்கத்திலிருந்த பெண்ணின் துப்பட்டாவிலும் தெளித்தது. பெட்டி முழுக்கப் புளித்த வாசனை. "என்ன ஆன்ட்டி இது?" என்று முறைத்தாள். "பாக்டீரியாம்மா, நல்ல பாக்டீரியா" என்றேன். அவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

வளைகாப்பு முடிந்து பவித்ரா வந்தாள். திங்கட்கிழமை காலை என் கூழைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தேன். பத்து நிமிடம். இருபது நிமிடம். அரை மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆனதும் எனக்கு மூச்சு வந்தது.

"அதேதான்மா, அத்தை கூழேதான்" என்றாள். உன் கூழ் என்று சொல்லவில்லை. நான் அதை விழுங்குவதற்குள், "அவங்க பானை காலியா இருக்காம், இவர் சொன்னார். கொஞ்சம் உறை கொண்டு போய்க் குடேன்மா" என்றாள். என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் குடித்துவிட்டு, ஏப்பம் விடுவதற்குள் அத்தை ஞாபகம்.

அடுத்த புதன்கிழமை போனேன். அதே வழி, அதே அறுபத்தைந்து ரூபாய். நீங்கள் போவதானால் ஒன்பது மணிக்கு முன் பல்லாவரம் தாண்டிவிடுங்கள். பாட்டிலில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், மூடியைத் தளர்வாக வையுங்கள், மாவை வறுக்காதீர்கள், யார் வீட்டுக் கூழையும் தள்ளி வைக்காதீர்கள்.

அன்று என் வீட்டிலிருந்து கிளம்பும் முன் பாட்டிலில் ஊற்றும்போது என் கை பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சம் என் பானையில் இருக்கட்டும் என்று மூடிவிட்டேன். ஒரு கரண்டி இருந்தாலே மறுநாள் பானை நிறைந்துவிடும், அது எனக்கும் தெரியும், சம்பந்திக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். நான் அளந்து ஊற்றினேன்.