மூன்று முறை சம்பளம் ஏற்றினேன்

எங்கள் பகுதிப் பட்டறைக்காரர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். கரண்டு நிற்பது, இரும்பு விலை என்று ஆரம்பிக்கும் பேச்சு கடைசியில் ஆள் நிற்பதில்லை என்பதில் வந்து முடியும். யாராவது ஒருவர், "சம்பளத்த ஏத்திக் குடுங்க, அப்பறம் எங்க போயிருவாங்க?" என்பார். இன்னொருவர், "ஏத்தி ஏத்தி நாளைக்கு நாமதானுங்க அவுங்ககிட்ட வேலைக்குப் போகோணும்" என்பார். சிரிப்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் நடுவில் பேசக் கூச்சப்படுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் என்னை யாரும் கேட்பதுமில்லை. ஆனால் அந்தப் பேச்சு வரும்போது நான் தலையைக் குனிந்துகொள்வது கூச்சத்தால் மட்டும் அல்ல. ஓர் ஆளுக்கு மூன்று முறை சம்பளம் ஏற்றிக் கொடுத்தேன். அவர் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காரமடைக்கு மேற்கே எங்களுக்குத் தோட்டம் இருந்தது. கிணறு வற்றி, போட்ட போர்வெல்லிலும் தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. பாதி நிலத்தை விற்றுக் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறை போட்டேன். இரண்டு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின். பம்புசெட்டு செய்யும் கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் முக்கியமான வேலை. மிஷின் வாங்கத் தெரிந்ததே தவிர எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்த ஒருவர் எங்கள் ஊர்க்காரராகவே கிடைத்தார். அவருடைய அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவர். இவர் சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்து, மில் பட்டறையில் வேலை பழகி, நல்ல டர்னர் என்று பேர் வாங்கியிருந்தார். பேரிங் உட்காரும் இடத்தை மட்டும் அவர் யாரிடமும் விடமாட்டார். கடைந்து முடித்ததும் அளவுகோல் வைப்பதற்கு முன்னால் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். விரல் சொன்னதையேதான் பிறகு அளவுகோலும் சொல்லும். அவர் கை பட்ட ஷாஃப்ட் ஒன்றுகூடக் கம்பெனியிலிருந்து திரும்பி வந்ததில்லை.

அவருக்கு என்னைவிட ஆறு வயது அதிகம்.

எங்கள் பக்கத்துப் பேச்சைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேலி பேசுவார்கள். சரக்கு ஏற்ற வரும் மதுரை லாரி டிரைவர் ஒருவர், "உங்க ஊர்ல நாயிகூட 'போங்க'ன்னாத்தான் போகும் போல" என்பார். பொய்யில்லை. எங்கள் வீட்டில் கன்றுக்குட்டியை "வாங்க, வாங்க" என்றுதான் பிடித்துக் கட்டுவோம். இரண்டு வயதில் என் மகளை "சாப்புடுங்க கண்ணு" என்றுதான் கெஞ்சினேன். டீ கொண்டு வருகிறவருக்கு ஒரு 'ங்க', தபால்காரருக்கு ஒரு 'ங்க'. அது யோசித்துச் சொல்வதல்ல, மூச்சுப் போல வருவது.

அவரிடம் மட்டும் எனக்கு அது வந்ததில்லை. அவர் இருந்த தெரு ஆட்களை எங்கள் வீட்டில் வயது பார்த்துக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. ஐந்து வயதில் நான் அவருடைய அப்பாவை "வாடா" என்று கூப்பிட்டிருக்கிறேன். அவர் "வந்துட்டனுங்க சாமி" என்று ஓடி வருவார். பட்டறையில் நான் மகனை "டா" போட்டுப் பேசவில்லை. "ஏப்பா, இங்க வா", "இதப் பாரு", "போயிட்டு வா". டவுனுக்கு வந்து நான் எவ்வளவோ திருந்திவிட்டதாக அதை வைத்து எனக்குள் பெருமைகூட இருந்தது. அவர் என்னைச் சாமி என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ஏனுங்க" என்பதோடு சரி. அது எனக்கு முதல் நாளே கொஞ்சம் உறுத்தியது என்பதையும் எழுதிவிட வேண்டும். இங்கே காகிதத்தில் 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு வீட்டில் மனைவியிடம் பேசும்போது "அவன்" என்றுதான் சொல்வேன்.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் அவர் வந்து, "நா வேலைய உட்டு நின்னுக்கறனுங்க. பெருந்துறைப் பக்கம் கூப்புடறாங்க" என்றார். பக்கத்துப் பட்டறைக்காரரிடம் யோசனை கேட்டேன். "ஏனுங்க, தீவனம் நல்லா வெச்சா மாடு ஏனுங்க கட்டுத்தறிய உட்டுப் போகுது? எறநூறு ஏத்துங்க" என்றார். ஏற்றினேன். போகாமல் இருந்தார். சரி, இதுதான் மருந்து என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் கேட்காமலேயே இன்னொரு முறை ஏற்றினேன். "செரிங்க" என்று வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. நன்றி தெரியாத ஆள் என்று மனைவியிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றது. பதினெட்டு வயதிருக்கும். நேர்த்தியாக உடுத்தி, கையில் காகித உறையோடு இருந்தது. பாங்கிலிருந்தோ கம்பெனியிலிருந்தோ வந்திருக்கிறது என்று நினைத்து நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. ஏனுங்க, யாரப் பாக்கோணும்?"

அந்தப் பெண் தன் அப்பாவின் பேரைச் சொன்னது. பாலிடெக்னிக்கில் படிக்கிறதாம். உதவித்தொகைப் பாரத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டுமாம். சொல்லிக்கொண்டே உட்காரப் போனது.

"ஓ, அவன் புள்ளயா" என்றேன். "செரி, அப்படி ஓரமா நில்லு. வருவான்." பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தேன். "ஏப்பா, உம்பட புள்ள வந்திருக்குது. வா."

பாதி உட்கார்ந்த பெண் எழுந்துகொண்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். அந்த இழுத்துப் போட்ட நாற்காலியை நானே திரும்ப எடுத்து மேசைக்கு அடியில் தள்ளினேன். சத்தியமாக எனக்கு அன்றைக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை. மத்தியானச் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

ஒரு வாரம் கழித்து, "நா நின்னுக்கறனுங்க" என்று மறுபடியும் வந்தார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. புள்ள பெருசாயிட்டாளுங்க."

இதைத்தான் நான் கேட்டும் கேட்காமல் விட்டேன். பெண் வளர்ந்துவிட்டாள் என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம்? நகை, சீர், மண்டபம். மனுசன் செலவுக்குத்தான் அடி போடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அதுக்கென்ன, நா பாத்துக்கறேன். இந்த மாசத்துலருந்து முந்நூறு சேத்தித் தாரேன். கல்யாணத்துக்கும் ஏதாவது செய்யறேன்" என்றேன். மூன்றாவது முறை. "கல்யாணமில்லீங்க" என்றார். மாதக் கடைசி வரை வந்தார். கடைசி நாளன்று லேத்தைத் துடைத்து, எண்ணெய் விட்டு, துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

சத்தியமங்கலத்திலிருந்து தூரத்துச் சொந்தத்தில் ஒருவரைக் கூட்டி வந்தேன். முதல் நாளிலிருந்தே "வாங்க மாப்பள, சாப்புட்டீங்களா" என்றுதான் பேசினேன். அவருக்கு வேலை அரைகுறைதான். எட்டு மாதத்தில் நூற்றைம்பது ரூபாய் அதிகம் தருகிறார்கள் என்று அவரும் போய்விட்டார். அதனால் சம்பளம் ஒரு பொருட்டல்ல என்று நான் சொல்ல வரவில்லை. பணத்துக்காகப் போகிறவர்கள் உண்டு. பணம் கொடுத்து நிறுத்துவதும் நடக்கிற காரியம்தான். நான் அப்படி நிறுத்த முடியாத ஒருவரிடம் அதையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த எட்டு மாதத்தில் ஷாஃப்ட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. பேரிங் ஆடுகிறது என்று கம்பெனி மேனேஜர் இரண்டு தடவை ஆளனுப்பினார். மூன்றாம் தடவை நேரில் கூப்பிட்டு, "அடுத்த லோடும் இப்படின்னா வேலைய வேற பக்கம் குடுத்துருவேன்" என்றார். பட்டறையே அந்த ஒரு வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய டர்னரை எப்படியாவது திரும்பக் கூட்டி வருவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. குறிச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் கொடுத்ததைவிடச் சம்பளம் அங்கே குறைவு என்றும் சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அது கோட்டைமேட்டு பாய் ஒருவருடைய பட்டறை. பழைய இரும்பு வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். நான் போனபோது யாரையோ ஃபோனில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் பெரிய மகான் இல்லை. நான் யாரென்று சொன்னதும் சிரித்தார்.

"ஆளக் கெளப்பிட்டுப் போக வந்தீங்களா? நா ஒண்ணும் கட்டி வெக்கல. கேளுங்க, வந்தா கூட்டிட்டுப் போங்க." உள்ளே பார்த்து, "மேஸ்திரி, உங்களப் பாக்க ஊர்லருந்து வந்திருக்காங்க. மிஷின நிறுத்திட்டு வாங்க, டீ சாப்புடலாம்" என்றார்.

அவர் வந்தார். "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பாய் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். நாலு வருடம் என்னிடம் வேலை செய்த மனிதர் எனக்கு எதிரே உட்கார்ந்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் உடம்பு தானாகக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தது. அதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"அங்கயே வந்துரு" என்றேன். "இன்னொரு முந்நூறு சேத்தித் தாரேன்."

"பணம் நீங்க குடுத்தீங்க. இல்லைன்னு சொல்லமாட்டனுங்க. கேக்காமயே குடுத்தீங்க."

"அப்பறம் என்ன?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "புள்ள பட்டறைக்கு வந்த அன்னிக்கு, ஊட்டுக்குப் போனதும் அவ கேட்டாளுங்க. 'அவுங்க உங்களுக்கு எத்தன வயசு எளையவங்கப்பா'ன்னு. ஆறுன்னு சொன்னனுங்க. அவ ராத்திரி எங்கூட சாப்புட உக்காரலீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. மிஷினில் என்ன பழுது என்று கேட்டால் சொல்வாரே, அந்த மாதிரி சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலி, ஓரமா நில்லு, வருவான், எல்லாம். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. "நீங்க வாங்க." இரண்டே வார்த்தை. எதிரே உட்கார்ந்திருந்த பாய்க்கு வந்த நிமிடத்திலிருந்து நான் பத்துத் தடவை போட்டுவிட்ட அதே 'ங்க'தான். தொண்டை வரைக்கும் வந்தது. ஊரில் யாராவது கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேனா, என் அப்பாவை நினைத்தேனா, எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"முந்நூறு வேண்டாம். ஐந்நூறு தாரேன்."

பாய் தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டார். நான் பிறவிக் கூச்சக்காரன், மேனேஜர் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருவேன். ஆனால் அந்த நிமிடம் வாயை அடைத்தது கூச்சம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஐந்நூறு ரூபாய் அன்று என் கைக்கு மீறிய தொகை. அதைக் கொடுக்க எனக்கு மனம் வந்தது. ஒரு 'ங்க' கொடுக்க வரவில்லை.

"வேண்டாமுங்க" என்றார் அவர். "டீ ஆறுதுங்க, குடிங்க."

குடித்தேன். அடுத்த லோடும் திரும்பி வந்தது. கம்பெனி வேலை என் கையை விட்டுப் போய், ஒரு லேத்தை விற்று, இப்போது சில்லறை வேலைகளில் பட்டறை ஓடுகிறது. அது கிடக்கட்டும்.

கிளம்பும்போது அவர் வாசல் வரைக்கும் கூட வந்தார். வரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மொபெட்டுக்கு வழியை மறித்துக் கிடந்த தகடுகளைக் காலால் ஒதுக்கினார். "பாத்துப் போங்க, மணல் லாரி ஜாஸ்தி" என்றார். எங்கள் பக்கம் விடைபெறும்போது "வாரேனுங்க" என்போம். யாரிடமும் அப்படித்தான்.

"வாரேன்" என்றேன்.

'வாரேனுங்க' என்ற முழு வார்த்தை ஆத்துப்பாலத்தில் வண்டிகள் நெரிசலில் நின்றபோதுதான் வந்தது. சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் சைக்கிளில் நின்றவர், தன்னிடம் சொல்கிறேன் என்று நினைத்து, "செரிங்க, போயிட்டு வாங்க" என்றார்.